ஐந்தாம் ஆண்டுப் புத்தகத்தில் வேலாயுதம்

சீதாலெட்சுமி பொய் எழுதமாட்டாள். பேச்சில் ஆளைப் பார்த்து ஒன்றிரண்டு விடுவாள், அது வேறு கதை. கம்போங் மேடான் அடுக்குமாடியில் கீழ்வீட்டு ஆன்டி கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு சேலை கட்டிவந்து எப்படி என்று கேட்டால், "ஜோரா இருக்கு ஆன்டி" என்பாள். சொல்லிவிட்டு மாடிப்படியில் சிரித்துக்கொள்வாள். எழுத்தில் மட்டும் அந்த விளையாட்டு கிடையாது. அதுவும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில், 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று தலைப்புப் போட்டு எழுதும் வாக்கியத்தில், சத்தியமாகக் கிடையாது.

அதுதான் அவள் வேலை. செராஸில் ஒரு கார் பட்டறைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இயங்கும் சின்னப் பதிப்பகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். தட்டச்சு செய்யத்தான் போனாள். எழுதிக்கொடுத்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் 'மோர் பெட்டர்' என்று எழுதியதைத் தட்டச்சு செய்ய மறுத்து, தாளோடு முதலாளி மேடம் யாப் முன்னால் போய் நின்றாள். மலாயில் 'கூடுதல் நல்லது' என்னும் பொருளில் லெபே பாய்க் என்று சொல்லிப் பழகிய நாக்கு ஆங்கிலத்திலும் ஒரு மோர் போட்டுக்கொள்கிறது, பெட்டருக்குள்ளேயே அந்த மோர் இருக்கிறது, பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பரீட்சையில் யார் மார்க் போடுவது என்று கேட்டாள். மேடம் யாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியானால் நீயே எழுது என்று அந்தப் பாடத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். கேரி தீவு செம்பனை எஸ்டேட்டில் பிறந்து, பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய சீதாலெட்சுமி அப்படித்தான் புத்தகம் எழுதுகிறவள் ஆனாள்.

பாடம், ஒப்பிடும் சொற்கள். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பேச ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எடுப்பது என்று பெரியவர்களே தடுமாறும் இடம். லெஸ்ஸா ஃபியூவரா, எல்டரா ஓல்டரா, பெட்டரா பெஸ்ட்டா என்று இரண்டு சொல்லை அடைப்புக்குறிக்குள் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவேண்டும். நமக்கு 'விட' என்ற ஒரே சொல் போதும். உயரத்துக்கும் அதுதான், வயசுக்கும் அதுதான், புளிக்குழம்புக்கும் அதுதான். ஆங்கிலக்காரனுக்கு அப்படி இல்லை. எண்ணிப் பார்க்க முடிந்தால் ஃபியூவர், அளந்து பார்க்கத்தான் முடியும் என்றால் லெஸ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறான். சீதாலெட்சுமி அதை ஒரே வரியில் எழுதினாள்: முறுக்கு ஃபியூவர், மாவு லெஸ். பல தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

வாக்கியம் எழுதுவதில் அவளுக்கு ஒரு தனி வழி இருந்தது. கற்பனையாக எதையும் எழுதமாட்டாள். ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரை ஒப்பிட்டால், அந்த இரண்டு பேரும் உண்மையில் இருக்கவேண்டும். ஒப்பீடும் உண்மையாக இருக்கவேண்டும். மற்ற புத்தகங்களில் அலி, மெய் லிங், முத்து மூவரும் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பத்தாம் பக்கத்தில் முத்து உயரம், முப்பதாம் பக்கத்தில் முத்து குள்ளம். அது அவளுக்கு ஆகாது. "கற்பனையில எழுதினா விடைத்தாள்ல எங்கியாவது உதைக்கும்" என்பாள். அதனால் அவள் புத்தகத்தில் ரோஸ்னாவின் நாசி லெமாக் சோற்றில் உறைப்பு குறைவு என்றால், அடுக்குமாடிக்குக் கீழே கடை போட்டிருக்கும் ரோஸ்னா அக்காவின் சம்பலில் உண்மையிலேயே உறைப்பு குறைவு. திருமதி யாப் அலமாரியைவிடக் குள்ளம் என்று ஒரு வாக்கியம் பதினான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேடம் யாப் அதை ஒரு தடவையும் கவனித்ததில்லை.

இந்தியப் பெயர் வரவேண்டிய இடங்களில் எல்லாம் கேரி தீவு எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதிலும் இரண்டு பேர் நிரந்தரம். ஒருவர் அவளைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் வேலாயுதம். இன்னொருவர் அடுத்த வீட்டு சபாபதி. இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அந்த லயத்தில் வேலாயுதத்தைப் பற்றி எவர் வாயைத் திறந்தாலும் 'சபாபதியைவிட' என்றுதான் தொடங்குவார்கள். ஒரே கதவுச் சட்டத்தில் இருவருக்கும் உயரக்கோடு கிழித்தார்கள். செம்பனைக் குலை வெட்டப் போனபோது, சாயங்காலம் யார் அதிகம் வெட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒப்பிடும் சொற்கள் என்றதும் சீதாலெட்சுமிக்கு இந்த இரண்டு பேரும் கேட்காமலே வந்து நின்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஒரே ஒரு ஆளை மட்டும் அவள் புத்தகத்தில் சேர்த்ததே இல்லை. அது அவள். தராசு பிடிக்கிறவள் தட்டில் ஏறி உட்காரக் கூடாது என்பது அவள் கட்சி.

ஒவ்வொரு வருஷமும் புதுப் பதிப்புக்கு முன்னால் எல்லா வாக்கியங்களையும் மறுபடி சரிபார்ப்பாள். யாராவது இளைத்திருந்தால் மாற்றுவாள். யாராவது வீடு மாறியிருந்தால் தூரத்தை மாற்றுவாள். யாராவது இறந்திருந்தால் எடுத்துவிடுவாள். செத்துப்போன மனிதரை 'இருக்கிறார்' என்று எழுதுவது அவளுக்குப் பொய். போன வருஷமும் அப்படிச் சில வாக்கியங்களை எடுத்துவிட்டு, வேறு ஆட்களைப் போட்டு, நிம்மதியாகப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினாள்.

இந்த வருஷம் அவள் மகள் மலருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை விமலன், சுங்கத் துறையில் வேலை, நல்ல பிள்ளை. கிள்ளானில் கோவில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் அழைப்பு அட்டை அடித்து வந்தது. 'தாய்மாமன் திரு. வேலாயுதம்' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். மணப்பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன். சீதாலெட்சுமிக்குக் கூடப் பிறந்தவர் வேலாயுதம் ஒருவர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலரைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர் கை. ஆகவே முதல் அட்டையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டு, கணவன் கமலநாதனையும் கூட்டிக்கொண்டு கிள்ளானில் அண்ணன் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனாள்.

வேலாயுதம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஜாகாவாக இருந்தார். வாசலில் காவலுக்கு உட்கார்ந்து லோரி எண்களை எழுதுகிற வேலை. அன்று விடுமுறை. கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், மைலோ கலக்கிக் கொடுத்தார். தட்டை மட்டும் கையில் வாங்கவில்லை.

"மேசையில வை" என்றார்.

"கையில வாங்குங்கண்ணே. மொத அட்ட உங்களுக்குத்தான்."

"அன்னைக்கு எனக்கு வேல இருக்கு."

சீதாலெட்சுமிக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க? மலர் கல்யாணம்ண்ணே."

"தெரியுது லா. வேற யாரையாவது மாலை போடச் சொல்லு." மைலோ குவளையை நகர்த்தி வைத்துவிட்டு, "புத்தகத்த பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். வேலாயுதம் எப்போதுமே அதிகம் பேசாதவர். சபாபதியைவிடக் குறைவாகப் பேசுவார் என்று புத்தகத்திலேயே இருந்தது.

காரில் வரும்போது சீதாலெட்சுமி, ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஷா ஆலம் தாண்டிய பிறகுதான், "யாரோ காட்டிக் கொடுத்திட்டாங்க" என்றாள்.

"எத?" என்றார் கமலநாதன். அவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளின் சத்தத்தில் பழகியவருக்கு மனைவியின் மௌனம்தான் பயம்.

"புத்தகத்துல அவர பத்தி எழுதினத. அவர் இங்கிலீஷ் புத்தகம் படிக்க மாட்டாருன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் பழைய பதிப்பு ஒன்றை எடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்தாள். அண்ணன் பெயர் வரும் வாக்கியங்களை மட்டும் கோடிட்டாள். ஒன்பது வந்தது. வேலாயுதத்தின் சைக்கிள் சபாபதியுடையதைவிடப் பழையது. வேலாயுதம் சபாபதியைவிடக் குறைவாகப் பேசுவார். சபாபதி வேலாயுதத்தைவிட உயரம். வேலாயுதம் சபாபதியைவிடப் பலசாலி என்று ஒன்று மட்டும் பரவாயில்லை. அப்புறம் அந்த ஏழாம் கேள்வி, லெஸ்ஸா ஃபியூவரா என்று கேட்பது: வேலாயுதத்துக்கு சபாபதியைவிட நண்பர்கள் குறைவு.

எழுதிய காலத்தில் அவளுக்கு அது ரொம்பப் பிடித்த வாக்கியம். நண்பர்களை எண்ணலாம், ஆகவே ஃபியூவர். பிள்ளைகளில் பாதிப் பேர் லெஸ் போட்டு மாட்டுவார்கள். அருமையான கேள்வி. இப்போது அதையே தன் சமையலறை மேசையில் வைத்துப் படித்தபோது அவளுக்கு முகம் சுட்டது. கல்யாணம் காட்சி இல்லாமல், கண்டெய்னர் கிடங்கு வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதரை, நாட்டில் உள்ள ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரும் நண்பர் குறைந்தவர் என்று பென்சிலால் எழுதி, அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறார்கள்.

"மன்னிப்பு கேட்டுட்டு வந்துடேன்" என்றார் கமலநாதன்.

"எதுக்கு மன்னிப்பு? பொய்யா எழுதினேன்?"

"அப்ப சரி. ஒன் ஒண்ணுவிட்ட அண்ணன் சுகுமாறன மாலை போடச் சொல்லலாம். முறைக்கு அவரும் மாமன்தான்."

சீதாலெட்சுமி பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்கு அண்ணன் உயிரோட இருக்காரு. என் மகளுக்கு ஒண்ணுவிட்ட மாமன் எதுக்கு மாலை போடணும்? மறுபடி அந்தப் பேச்ச எடுக்காதீங்க" என்றாள். கமலநாதன் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இரண்டு நாள் தொலைபேசியில் முயன்றாள். அண்ணன் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. மலர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 'மாமா என்ன கலர் சட்டை போடப் போறார்' என்று ஒரு தடவை தொடங்கி, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அது சீதாலெட்சுமிக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அவள் கலங்கி உட்காருகிற ஜாதி இல்லை. யோசித்தாள். யோசித்ததில் பளிச்சென்று ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஒன்பது வாக்கியங்களும் இப்போது புத்தகத்தில் இல்லை! சபாபதி போன வருஷம் மார்ச்சில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில் இறந்துபோனார். அவர் இல்லாமல் அந்த ஒப்பீடு எதுவும் நிற்காது என்று நவம்பரில் ஒன்பதையும் எடுத்துவிட்டது அவளேதான். அண்ணனிடம் யாரோ பழைய புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். புதுப் பதிப்பைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினால் தீர்ந்தது. வேலாயுதத்தைப் பற்றி இனி எந்தப் பிள்ளையும் எதுவும் எழுதப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகவே கிள்ளானுக்குப் போனாள். கையில் புதுப் பதிப்பு. கேஸை ஜெயிக்கப் போகிற வக்கீலைப்போல் படியேறினாள்.

வேலாயுதம் கதவைத் திறந்தார். போன வாரம் வைத்த தட்டு மேசையில் அதே இடத்தில் இருந்தது. வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. அட்டை உறையைப் பிரிக்கவில்லை. தூக்கி எறியவும் இல்லை.

"அண்ணே, கோவப்படாம இத பாருங்க" என்று புத்தகத்தை விரித்தாள். "யாரோ உங்களுக்குப் பழசக் காட்டியிருக்காங்க. இது புதுசு. ஏழாம் கேள்வி பாருங்க. நீங்க இல்ல. எட்டாங் கேள்வியிலயும் இல்ல. முழுப் புத்தகத்திலயும் உங்க பேரு ஒரு எடத்துல கெடையாது. நானே பார்த்துப் பார்த்து எடுத்துட்டேன்."

வேலாயுதம் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"அதத்தான் நானும் பார்த்தேன்" என்றார்.

எழுந்துபோய், படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலமாரியைத் திறந்தார். உள்ளே சீருடைக்குக் கீழே புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே புத்தகம். ஐந்தாம் ஆண்டு ஆங்கிலப் பயிற்சி; வருஷத்துக்கு ஒன்று, பதினைந்து. அட்டைப்படம் மட்டும் வேறு வேறு. எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒப்பிடும் சொற்கள் பாடத்தில் அவர் பெயர் வரும் இடங்களில் எல்லாம் நீல மையில் அடிக்கோடு. பதினான்கு புத்தகத்தில் கோடு இருந்தது. பதினைந்தாவதில் ஒரு கோடும் இல்லை. அந்தப் பாடத்தின் பக்கங்கள் மட்டும், திரும்பத் திரும்பப் புரட்டியதில், நைந்திருந்தன.

"தெங்கு கிளானா ரோட்டு கடையிலதான் வாங்குவேன்" என்றார் வேலாயுதம். "வருஷா வருஷம் அஞ்சாம் ஆண்டுப் புத்தகம் வாங்குறேனா? கடைக்கார பொண்ணு போன வருஷம் கேட்டிச்சு. அங்கிள், ஒங்க பிள்ள இன்னுமா பாஸ் பண்ணலன்னு."

சீதாலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனா என் பேரு தெரியும். வேலையில டெய்லி கையெழுத்துப் போடுறேன்ல. சபாபதிக்கு வாசிக்க வரும். ரெண்டு பேரும் சாப்பாட்டுக் கடையில ஒக்காந்து, அவன் வாசிச்சு வாசிச்சு சொல்லுவான். ஒனக்கு ஃபிரென்ட்ஸ் கம்மின்னு தங்கச்சி எழுதியிருக்கு பாருடான்னு கடையே பாக்குற மாதிரி சிரிப்பான். நானும் சிரிப்பேன். உண்மதான லா அது? எனக்கு அவன் ஒருத்தன்தான்."

"அப்ப அதுக்குக் கோவம் இல்லியா அண்ணே?"

"அதுக்கு எதுக்குக் கோவம்?" வேலாயுதம் பதினைந்தாவது புத்தகத்தை எடுத்தார். "இந்தத் தடவ நானே தேடினேன். வாசிச்சுக் காட்ட ஆள் இல்ல. இங்கிலீஷ் வீ எழுத்து எங்கயாச்சும் பெருசா வருதான்னு பக்கம் பக்கமா பார்த்தேன். மூணு நாள் பார்த்தேன்." புத்தகத்தை மூடினார். "அவன் செத்தான், எடுத்துட்ட. சரி. நான் சாகலியே லெட்சுமி."

சீதாலெட்சுமி எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருப்பவள். மேடம் யாப்பிடமும், ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவர்களிடமும், கல்வி அலுவலகத்து அதிகாரிகளிடமும் மல்லுக்கு நின்றவள். அன்று மடியில் கிடந்த பழைய புத்தகத்தின் நீலக் கோட்டை விரலால் தொட்டாள். சபாபதி பெயரை அடித்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் பெயரும் போனதை அவள் யோசிக்கவே இல்லை. வேலாயுதத்தைத் தனியாக நிறுத்திப் பார்க்க லயத்துக்காரர்கள் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் கேலி பேசியிருக்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"கல்யாணத்துக்குப் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க, ஜாகா வேலை பாக்குற அண்ணன் பேரு எதுக்குன்னு எடுத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றார் அவர். இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ அண்ணே!"

"இன்னொண்ணு. ஒவ்வொரு வருஷமும் ஒன் பேரையும் தேடச் சொல்லுவேன் சபாபதிய. எங்கயும் இருக்காது. நீ ஒன்ன போட்டுக்கவே மாட்ட போல."

சீதாலெட்சுமி புத்தகங்களைத் திரும்ப அடுக்கி வைத்தாள். மன்னிப்பு கேட்டாள், வாய்விட்டே கேட்டாள். அவர், "சரி விடு" என்றார். ஆனால் தட்டைத் தொடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. வாய்வார்த்தையால் தீர்கிற காயம் இல்லை அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தில் போனது எழுத்தில்தான் வரவேண்டும்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் மேடம் யாப் மேசை முன்னால் நின்றாள். புத்தகம் தீர்ந்துபோய் மறுஅச்சுக்குத் தயாராக இருந்தது. புதன்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

"நாற்பதாம் பக்கம், நாற்பத்தெட்டாம் பக்கம். ரெண்டு வாக்கியம் மாத்தணும் மேடம்."

"தப்பா?"

"ஆமா. என் தப்பு."

இருபத்தாறு வருஷத்தில் சீதாலெட்சுமி வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை மேடம் யாப் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் எழுதிவந்ததை வாசித்தார். நாற்பதாம் பக்க வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"நேம் டூ லாங் லா, லெட்சுமி. கோடு அடுத்த வரிக்குப் போயிடும். முத்து போடேன்."

"முத்துவை எனக்குத் தெரியாது மேடம்."

மேடம் யாப் முத்துவைக் கைவிட்டார். அப்புறம் எழுத்தைச் சின்னதாக்கி அந்த ஒரு வரியில் அடக்கச் சொல்லி வடிவமைப்பாளரிடம் தாளைக் கொடுத்தார். அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திருமதி யாப் குள்ளம் என்ற வாக்கியம் இன்னும் உண்மையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அச்சிலிருந்து வந்த இரண்டு தாள்களையும், புது வெற்றிலையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். இந்தத் தடவை மலரும் கூட வந்தாள். வேலாயுதம் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார், சீருடை மாற்றவில்லை. சீதாலெட்சுமி தாளை அவர் கையில் கொடுத்தாள். அவர் விரல் வைத்துக்கொண்டே கீழே வந்தார். ஏழாம் கேள்வியில் விரல் நின்றது. வீ. அவருடைய பெயர், எழுத்து எழுத்தாக.

வாக்கியத்தின் மறுகோடிக்கு விரல் போனது. "இது யாரு, இவ்ளோ நீளமா?"

"நான்தாண்ணே" என்றாள் சீதாலெட்சுமி.

வேலாயுதம் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திரும்பவும் பார்த்தார். அந்த நீளப் பெயரை விரலால் ஒரு தடவை முழுக்கத் தடவினார்.

"என்னா போட்டிருக்கு?"

மலர் பக்கத்தில் வந்து வாசித்தாள். "வேலாயுதம் சீதாலெட்சுமியவிட, அப்புறம் கோடு, மாமா. எல்டரா ஓல்டரான்னு கேக்குது. ரெண்டுமே மூத்தவர்னுதான். ஒண்ணுதான் இங்க பொருந்தும்."

"சபாபதி?"

"இங்க இருக்காரு" என்று சீதாலெட்சுமி இன்னொரு தாளை எடுத்தாள். அது இறந்தகால வினைச்சொற்களைப் பற்றிய பாடம். சபாபதி எங்கள் லயத்திலேயே மிகச் சிறந்த கோல்கீப்பராக இருந்தார் என்று அதில் எழுதியிருந்தது. மலர் அதையும் வாசித்துச் சொன்னாள். வேலாயுதம் தலையை ஆட்டினார். "அது சரி. வேலாயுதத்தவிடன்னு இல்ல. எல்லாரையும்விட" என்றார்.

முதல் தாளை மறுபடி எடுத்துக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இதுல எத போடணும்?"

"நீங்களே சொல்லுங்கண்ணே."

"எத போட்டாலும் நான்தான லா மூத்தவன்" என்றார் வேலாயுதம். தாளை நான்காக மடித்துச் சீருடைப் பையில், கையெழுத்துப் போடுகிற பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். அப்புறம் மேசைக்குப் போய் வாடிய வெற்றிலையை எடுத்து ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார். அட்டையைப் பிரித்துத் தன் பெயர் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"மாலைய நீ வாங்கிடாத" என்றார் தங்கையிடம். "அது தாய்மாமன் வாங்கணும்."